நிறுவனத்தை மாற்றுவதா, ஏற்பாட்டை மாற்றுவதா?

கேள்வி: திருச்சியில் வசிக்கும் என் தந்தைக்கு (வயது 74) ஆறு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் தெளிவில்லை. மூக்கு வழிக் குழாயில்தான் உணவு, சிறுநீருக்கும் குழாய். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறோம். ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனப் பராமரிப்பாளர்களும், வாரம் இருமுறை நர்ஸும், மூன்று நாள் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். நரம்பியல் மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், பக்கத்துத் தெருக் குடும்ப மருத்துவர் என மூவர் பார்க்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும் சென்ற மாதம் ஓர் இரவு சர்க்கரை 52-க்கு இறங்கி நினைவு தப்பிவிட்டார். இருமல் வந்ததால் இரவு உணவை நிறுத்திவைத்ததாகப் பராமரிப்பாளர் சொல்கிறார். அம்மா வழக்கம்போல் இன்சுலின் போட்டிருக்கிறார். அடுத்த வாரமே, இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் இருப்பதைப் பிசியோதெரபிஸ்ட் கண்டு சொன்னார். பராமரிப்பாளருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. நிறுவனத்தைக் கேட்டால் ‘அம்மாவிடம் சொன்னோம்’ என்கிறார்கள். அம்மா இல்லை என்கிறார். இது நாங்கள் வைத்துப் பார்க்கும் இரண்டாவது நிறுவனம். வேறொன்றுக்கு மாறலாமா? கேமரா வைக்கட்டுமா? அல்லது பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவது நல்லதா? நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், தம்பி துபாயில். அம்மாவுக்கு 68 வயது. மருந்துச் சீட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தையும் மருந்துச் சீட்டுகளையும் நிதானமாகப் படித்தேன். மூன்றாவது நிறுவனத்துக்கு இப்போதே மாற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இப்போதுள்ள நிறுவனத்தின் மீது குறையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு குறை பெரிதாகவே இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். நான் செவிலியர், மருத்துவமனைப் பணிக்குப் பிறகு, வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் செவிலியர்களை மேற்பார்வையிடும் வேலையைச் செய்பவள். ஆகவே எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நான் சொல்ல இயலாது. மருத்துவரிடம் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல இயலும்.

முதலில் அந்த இரவை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் பராமரிப்பாளரின் மீது கோபம் தெரிகிறது. ஆனால் இருமிக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் குழாய் வழியே உணவு செலுத்தக் கூடாது என்பது இந்த வேலையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நிமோனியா வரக்கூடும். அவர் நிறுத்திவைத்தது சரி. உங்கள் தாயார், மருத்துவர் எழுதிக் கொடுத்த நேரத்தில், எழுதிக் கொடுத்த அளவில் இன்சுலின் போட்டார், அதுவும் சரி. சர்க்கரை நோய் மருத்துவர், நோயாளி உரிய நேரத்தில் சாப்பிடுவார் என்ற கணக்கில் அளவைத் தீர்மானித்தார். அதிலும் பிழை இல்லை. மூவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கையில் நோயாளி நினைவிழக்கிறார் என்றால், உணவு நின்றுபோனால் இன்சுலினை என்ன செய்வது என்ற ஒரு வரி அந்த வீட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்றுதான் பொருள். புதிய நிறுவனத்திலிருந்து புதிய ஆட்கள் வந்தாலும் அந்த வரி தானாக வந்துவிடாது.

எனவே இந்த வாரமே சர்க்கரை நோய் மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உணவு தள்ளிப்போனாலோ பாதியில் நின்றாலோ எந்த இன்சுலினை நிறுத்த வேண்டும், எதைக் குறைத்துப் போட வேண்டும், எந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். உணவோடு சேர்த்துப் போடும் இன்சுலினும் நாள் முழுவதற்குமான இன்சுலினும் வெவ்வேறு வகையில் வேலை செய்பவை என்பதால், பயந்துகொண்டு இரண்டையும் நீங்களாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்துதான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்து, அவர் விழிப்புடனும் இருமலின்றியும் இருந்தால், குழாய் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு 15 கிராம் குளுக்கோஸை (ஏறத்தாழ மூன்று டீஸ்பூன்) நீரில் கரைத்துக் குழாய் வழியே செலுத்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இந்த நான்கு வரிகளும் தமிழில், பெரிய எழுத்தில், கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். இரவுப் பணிக்கு வருபவர் யாராயிருந்தாலும் அது அவர் கண்ணில் படும்.

நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் மருந்துச் சீட்டுகளில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது எழுதிய பட்டியலில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் இருக்கிறது. குடும்ப மருத்துவர் பின்னர் எழுதிய மாத்திரை, பிராண்டு பெயரில் வேறொன்றாகத் தோன்றினாலும், டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. இரண்டும் இப்போது கொடுக்கப்படுகின்றன என்றால் உங்கள் தந்தை ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் எடுத்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் எழுதிய குறிப்பு ஒன்றில் ‘கால் வீக்கம்’ என்று இருப்பதையும் பார்த்தேன். அம்லோடிபினால் கால் வீங்குவதுண்டு. இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீக்கத்தைப் பார்த்தவரும் மருந்தை எழுதியவரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் இந்தக் கேள்வி எப்போதோ எழுந்திருக்கும். இதுபோலவே, பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று அச்சிட்ட மாத்திரைகள் நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்துக் குழாயில் விட்டால் ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். உங்கள் பட்டியலில் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். இருக்கிறது. மாத்திரையை விழுங்க முடியாதவர் இவர் என்பது அதை எழுதிய மருத்துவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

இதற்கு வழி, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் புட்டிகளையும், நின்றுபோன மருந்துகள் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு ஒரே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதுதான். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்வதே உங்கள் முன்னுள்ள முதல் வேலை. நரம்பியல் நிபுணர்தான் பெரியவர், அவரே எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று குடும்பங்கள் பெரும்பாலும் நினைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, வெளிநோயாளிகள் நெரிசலில், சில நிமிடங்கள் பார்ப்பவரால் ஒரு வீட்டின் அன்றாடத்தைத் தாங்க முடியாது. நடந்து வரும் தொலைவில் இருக்கும் உங்கள் குடும்ப மருத்துவர்தான் இதற்குப் பொருத்தமானவர். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்க அவருக்கு உரிய கட்டணத்தைக் கொடுங்கள். நிபுணர்கள் எதை மாற்றினாலும் அந்தச் சீட்டு அன்றே இவரிடம் வர வேண்டும், இவர் பார்த்த பிறகே வீட்டுப் பட்டியல் திருத்தப்பட வேண்டும் என்று ஒரு நடைமுறையை வையுங்கள். பட்டியலில் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரும், எதற்காக என்பதும் இருக்க வேண்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் வீட்டுக்கே வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வந்து பார்க்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. வசதியுள்ள குடும்பங்கள் இதை நாடத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், தயங்கத் தேவையில்லை. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆனால் அங்கிருந்து வரும் மருந்துகளும் அதே துணிப்பைக்குள், அதே பட்டியலுக்குள் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து இரட்டிப்பதற்கு நான்காவதாக ஒரு வாசல் திறந்ததாகிவிடும்.

அடுத்து படுக்கைப்புண். ‘அம்மாவிடம் சொன்னோம்’ என்ற பதிலில்தான் நிறுவனத்தின் மெய்யான குறை இருக்கிறது. சொன்னார்களா இல்லையா என்பதை நீங்களும் நானும் இனி கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆராய்ச்சியில் இறங்கி உங்கள் தாயாரைக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம். உண்மையிலேயே சொல்லியிருந்தாலும், 68 வயதில் இரவுத் தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்வது தகவல் தெரிவித்ததாக ஆகாது. தோலில் நிறம் மாறினால் அன்றே நர்ஸுக்கும் மேற்பார்வையாளருக்கும் எழுத்தில் செல்ல வேண்டும். அதற்காகத்தான் நிறுவனம் தனியாகக் கட்டணம் வாங்குகிறது. வெறும் ஆளை அனுப்புவதற்கு நிறுவனம் எதற்கு?

ஒருவேளை பராமரிப்பாளர் மறைத்திருந்தால், ஏன் மறைத்தார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இந்த வேலைக்கு வரும் பெண்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி, பன்னிரண்டு மணி நேரப் பணி பார்த்து, நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே ஊதியமாகப் பெறுபவர்கள். சிவந்திருக்கிறது என்று சொன்னால், ‘நீ திருப்பிப் போடவில்லை’ என்று பழி வந்து மறுநாள் வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும் வீட்டில் எந்தப் பராமரிப்பாளரும் வாய் திறக்க மாட்டார். முதல் நிறுவனத்தை நீங்கள் எப்படி நீக்கினீர்கள் என்பது இப்போது வருபவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே, தோலில் எந்த மாற்றத்தைக் கண்டு சொன்னாலும் அதற்காக யாரும் திட்டப்பட மாட்டார்கள், சொல்லாமல் விட்டால்தான் கேள்வி வரும் என்று அவரிடமே நேரடியாகச் சொல்லுங்கள். அவர் சாப்பிடவும் சற்று உட்காரவும் நேரம் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். களைத்துப்போனவர் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓர் ஆளைத் தனியாகப் புரட்டிப் போட மாட்டார்.

புண்ணைப் பொறுத்தவரை அன்றாடம் நடக்க வேண்டியவை வருமாறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை வாங்கியிருந்தாலும் இது தேவை, ஏனெனில் மெத்தை இடைவெளியைச் சற்று நீட்டுமே தவிர வேலையை நீக்காது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் எந்தப் பக்கம் என்பதை நேரத்தோடு எழுத வேண்டும். குளிப்பாட்டும்போது அடிமுதுகு, இடுப்பு எலும்பு, குதிகால், தலையின் பின்புறம், காது மடல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம்மவர் தோல் நிறத்தில் சிவப்பு பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், விரலால் அழுத்தியும் நிறம் மாறாவிட்டால், அதுவே புண்ணின் தொடக்கம். அங்கே தேய்த்துவிடக் கூடாது. ஸ்பிரிட், பவுடர், மஞ்சள்தூள் எதையும் போடவும் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது சுற்றியுள்ள தசைக்கு ரத்தம் போவதைத் தடுத்துத் தீங்குதான் செய்யும். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலின் கீழே தலையணை வைப்பது பலன் தரும். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதை நர்ஸ் மட்டுமே செய்ய வேண்டும். வாரத்துக்கு இருமுறை என்பது இப்போதைக்குப் போதாமல் போகலாம், எத்தனை முறை என்பதைப் புண்ணின் ஆழத்தைப் பார்த்து அவரும் மருத்துவரும் தீர்மானிக்கட்டும். குழாய் உணவில் புரதம் போதுமா என்று உணவியல் ஆலோசகரிடம் கேளுங்கள். வெறும் கஞ்சித் தண்ணீரில் எந்தப் புண்ணும் ஆறாது.

இத்தனைக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். கட்டிலருகே கயிற்றில் கட்டித் தொங்கும் சாதாரண நீளநோட்டு போதும். சர்க்கரை அளவு, இன்சுலின், ஒவ்வொரு வேளை உணவின் அளவு, சிறுநீரின் அளவும் நிறமும், மலம், திருப்பிய நேரம், தோல், புதிதாகக் கண்ட ஏதாவது – இவ்வளவுதான் அதில் வர வேண்டும். பகல் ஆளும் இரவு ஆளும் மாறும்போது கால் மணி நேரமாவது இருவரும் சேர்ந்திருந்து, நோட்டை வைத்துக்கொண்டு, நோயாளியின் முதுகையும் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். நிறுவனங்கள் இந்தக் கால் மணி நேரத்துக்குக் கூலி தர முன்வருவதில்லை. நீங்கள் அதைத் தனியாகக் கொடுத்தாவது நடத்துங்கள். மருத்துவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் யார் வந்தாலும் போகும்முன் அதே நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். காலை வணக்கப் படங்களுக்கும் சித்தப்பாவின் பாட்டி வைத்தியக் குறிப்புகளுக்கும் நடுவே சர்க்கரை அளவைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. அது உறவினர்களுக்கு இருக்கட்டும். நோட்டின் அன்றைய பக்கத்தைப் படம் பிடித்து உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறுவனத்தோடும் மருத்துவர்களோடும் பேச வேண்டியவர் குடும்பத்தில் ஒருவராகவே இருக்க வேண்டும். நீங்கள் ஒன்று சொல்லி, தம்பி துபாயிலிருந்து இன்னொன்று சொல்லி, அம்மா இரண்டையும் மறந்து தமக்குத் தெரிந்ததைச் செய்யும் நிலை பல வீடுகளில் உண்டு. பொறுப்பு உங்களுடையது என்றால் தம்பி தம் கருத்துகளை உங்களிடம் சொல்லட்டும். பராமரிப்பாளருக்கு அவர் அழைக்க வேண்டாம். செலவுக் கணக்கையும் கட்டண ரசீதுகளையும் காப்பீட்டு விவகாரங்களையும் அவர் ஏற்றுக்கொள்ளலாம். அதுவும் சிறிய வேலை அன்று. தாயாரைத் தூது போகும் வேலையிலிருந்து விடுவியுங்கள். அவர் மனைவியாக அருகில் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்போது நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை. வாரம் இருமுறை வருபவர் ஏ.என்.எம். (துணைச் செவிலியர் பயிற்சி) முடித்தவரா, ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) அல்லது பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவரா, தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன. சில மாதப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு வெள்ளைக் கோட்டு போட்டு ‘நர்ஸ்’ என்று அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. பராமரிப்பாளரின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை; குழாய் மாற்றுவதும் புண் கட்டுவதும் அவர் வேலை அன்று, அவ்வளவே. மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார். வழக்கமானவர் விடுப்பில் போனால் வரும் மாற்று ஆள் உங்கள் தந்தையை முன்பே ஒருமுறையாவது பார்த்தவராக இருப்பாரா. தவறு ஏதும் நேர்ந்தால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பார்கள் என்பனவற்றையும் கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் ஒரு மாதம் பாருங்கள். மழுப்பினால் அப்போது மாற்றுங்கள். மாற்றும்போது பழைய ஆளும் புதிய ஆளும் இரண்டு நாளாவது சேர்ந்திருக்குமாறு செய்யுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையில் குறைபாடு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடவும் வழி உண்டு. அங்கேயும் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த நோட்டுதான்.

இரண்டு குழாய்களைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதமாக மூக்கில் குழாய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விழுங்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று பேச்சுப் பயிற்சி நிபுணர் எவரும் பரிசோதித்ததாகக் கடிதத்தில் இல்லை. பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு அது ஓரளவு திரும்புகிறது. திரும்பவில்லையென்றால், மூக்குக் குழாய் சில வாரங்களுக்கானது என்பதால், வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் குழாய் உங்கள் தந்தைக்குத் தகுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அதேபோல் சிறுநீர்க் குழாய் இன்னும் எதற்காக இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்க முடியுமா, எடுக்க முடியாதென்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். மருத்துவமனையில் அவசரத்துக்குப் போட்ட குழாய்கள், எடுக்கச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லாததால் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. தங்கும் ஒவ்வொரு வாரமும் சிறுநீர்த் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது. போட்ட தேதியையும் மாற்ற வேண்டிய தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கேமராவை நான் ஊக்குவிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வைத்தால் பராமரிப்பாளர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள், குளிப்பாட்டும் நேரத்திலும் உடை மாற்றும் நேரத்திலும் அணைத்துவிடுங்கள். பேச இயலாதவருக்கும் மானம் உண்டு. தவிர, போர்வைக்குள் இருக்கும் தோலைக் கேமரா காட்டாது. இரவுப் பொறுப்பு மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் வீடியோவில் நீங்கள் அழைத்து, அன்றைய நோட்டைப் படித்துக் காட்டச் சொல்வது அதைவிடப் பயன்படும்.

பராமரிப்பு இல்லத்தைப் பற்றி: வீட்டில் உங்கள் தந்தைக்குத் தேவையானவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஒருங்கிணைப்புதான் இல்லை. இந்த நிலையில் இல்லத்துக்கு மாற்றினால் மருந்துக் குழப்பமும் எழுதப்படாத வரிகளும் அவரோடு அங்கேயும் போகும். தாயாரின் உடல்நிலை தளர்ந்தாலோ, ஒழுங்குபடுத்திய பின்னரும் இரவுப் பணிக்கு நிலையான ஆள் கிடைக்காவிட்டாலோ அதை யோசிக்கலாம். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு புண்ணிலிருந்து சீழோ நாற்றமோ வருதல், புண் கருத்துப்போதல் அல்லது எலும்பு தெரிதல், உணவு செலுத்திய பின் மூச்சிரைப்பு, பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்புதல், புதிதாக உறக்க மயக்கமோ குழப்பமோ ஏற்படுதல், முகமோ கையோ புதிதாகக் கோணுதல் – இவற்றில் எது நேர்ந்தாலும் உங்களை அழைத்து அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம், முதலில் 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு உங்களுக்குச் சொன்னால் போதும் என்று பராமரிப்பாளர்களுக்கும் தாயாருக்கும் இன்றே அறிவித்துவிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த நோட்டையும் மருந்துப் பையையும் உடன் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.